செட்டை மாற்றும் முன் ஆன்டெனாவைப் பாருங்கள்

கேள்வி: ஃபைபர் படகில் உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டில் மற்ற படகுகள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. ஆனால், இங்கிருந்து பேசினால் 2 கிலோமீட்டருக்கு மேல் கேட்பதில்லை. கார் கூரையில் வைக்கும் ஆன்டெனாவை மரக்கம்பத்தில் கட்டியிருக்கிறது. புது செட் வாங்க வேண்டுமா?
- வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கோளாறு பெரும்பாலும் ஆன்டெனாவில்தான் இருக்கும். கார் கூரைக்கான சிறிய ஆன்டெனா, அடியில் உலோகத் தகடு இருந்தால்தான் முழுமையாக வேலை செய்யும். மரத்திலும் ஃபைபரிலும் அது கிடையாது. அதனால், அனுப்பும் சக்தியில் ஒரு பங்கு செட்டுக்கே திரும்பி வருகிறது. கேட்பதற்கு அரைகுறை ஆன்டெனாவே போதும் என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாது. நடுக்கடலில் உதவிக்கு அழைக்கும்போதுதான் தெரியும்.

படகுக்கு ஏற்றது, சுமார் 1 மீட்டர் நீளமுள்ள மரைன் வி.எச்.எஃப். அரை அலைநீள ஆன்டெனா. அதற்கு அடியில் தகடு தேவையில்லை. அதை மாட்டும்போதே கீழ்க்கண்டவற்றையும் பார்த்துவிடுங்கள்.

1. பேட்டரி: 25 வாட்டில் பேசும்போது செட் 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். பேசும் பட்டனை அழுத்தியதும் செட்டுக்கு வரும் மின்சாரம் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, ஒயரையும் பாருங்கள்.

2. பிளக்: பச்சை பூத்திருந்தால் மாற்றுங்கள். கேபிளுக்குள் உப்புத்தண்ணீர் ஏறி செம்பு கறுத்திருந்தால் கேபிளையே மாற்றுவது நல்லது. இணைப்பின் மேல் தண்ணீர் புகாத டேப் சுற்றுங்கள்.

3. கேபிள்: இரு முனைகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். நடுக்கம்பிக்கும் வெளி வலைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டர் ஓடினால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி அதிலேயே வீணாகும். தேவைக்கு மேல் நீளம் வேண்டாம்.

4. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்: திரும்பி வரும் சக்தியை இது காட்டும். வி.எச்.எஃப். அலைவரிசைக்கான மீட்டரை மெக்கானிக்கிடம் கேளுங்கள். 1.5-க்குள் இருந்தால் நல்லது; 2 வரை பரவாயில்லை. 3-ஐத் தாண்டினால் பேசுவதை நிறுத்திவிட்டுக் கோளாறைத் தேடுங்கள். சோதனையை 1 வாட்டில், பேசப் பயன்படுத்தும் சேனலில் செய்யுங்கள். சேனல் 16 ஆபத்து அழைப்புக்கானது. அதில் சோதிக்கக் கூடாது.

ஆன்டெனா இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது, செட் பழுதாகக்கூடும்.

உயரமும் முக்கியம். வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். இரு படகுகளிலும் ஆன்டெனா 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 14 கிலோமீட்டர் வரை பேசலாம். கரையில் 30 மீட்டர் கோபுரம் இருந்தால் அதனுடன் சுமார் 30 கிலோமீட்டர். சக்தியைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவதே பலன் தரும்.

ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும் முன்பும், தொலைவில் இருக்கும் இன்னொரு படகை அழைத்து, “குரல் எப்படிக் கேட்கிறது?” என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். உங்களுக்குக் கேட்பது முக்கியமல்ல. நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்க வேண்டும்.