எங்களுக்கு ஒரு விடியற்காலை தாருங்கள்

நான் கண்டியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஹந்தானை மலை தெரியும். நானா அதில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறார். சாச்சாவின் மகன்மாரும் ஏறியிருக்கிறார்கள். நானோ பதினேழு வயதுவரை கீழே நின்று பார்த்தவள்தான்.

"மகள், மலையப் படம் புடிச்சு என்னத்தச் செய்யப் போறீங்க?" என்று வாப்பா கேட்டார். "கலியாணம் முடிச்சு மாப்பிள்ளையோட போங்களே" என்றார் மாமி. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு இல்லை என்பது என் எண்ணம். அதற்கு எங்கள் முகம் தேவையில்லை. விலை கூடிய கமெராவும் தேவையில்லை. உம்மாவின் போன் போதும். எங்களிடம் இல்லாதது விடியற்காலையும், கூட வர ஆளும்தான்.

இதை நான் பிழைவிட்டுத்தான் கற்றேன். முதல்முறை காலைச் சாப்பாடு முடித்து, ஒன்பதரைக்குத்தான் வீட்டிலிருந்து இறங்கினோம். மேலே போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எடுத்த அறுபது படங்களும் ஒன்று போலவே இருந்தன: கீழ்ப்பாதி பச்சை, மேற்பாதி வெள்ளை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த மலை படத்தில் எறும்புப் புற்றளவுதான் இருந்தது.

இரண்டாம் முறை ஸுபஹ் தொழுதுவிட்டு மறுபடி படுக்காமல் வாப்பா, உம்மாவோடு புறப்பட்டேன். ஸுபஹுக்கு எழும்பும் வீட்டில் பாதி வேலை ஏற்கனவே முடிந்துவிடுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. தேயிலை அருங்காட்சியகம் 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி மேலே நடந்தோம். சூரியன் தாழ்வாக இருந்தபடியால் மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் விழுந்திருந்தது. தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர். மூடிய கையின் விரல் முட்டுகளைப் போலிருப்பதால்தான் வெள்ளைக்காரர் அதற்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். அதன்மேல் ஏறி நின்றால் அந்தக் கை தெரியாது. தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

அன்று வெறும் மலையை மட்டும் எடுக்காமல், குந்தியிருந்து, பனி படிந்த புல்லையும் ஒரு பாறையையும் படத்தின் முன்பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் மலை எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பது படத்தில் தெரிந்தது. திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்ததும் மேகங்கள் தெளிந்தன. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் கலங்கிப்போகும். இருபது அடி நடந்து போய் எடுப்பது நல்லது. இன்னொன்று, லென்ஸைத் துடையுங்கள். எங்கள் வீட்டுப் போன்களில் எப்போதும் எண்ணெய் விரல்தான்.

வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நோக்கிப் போனைத் தூக்கினேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் முகம் யாருடைய போனிலும் வரக்கூடாது என்று நினைக்கும் நான், அவருடைய முகத்தைக் கேட்காமலே எடுக்கப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் எங்கள் படத்துக்கு அலங்காரமல்ல. கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் எடுப்போம்.

பெற்றோரின் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. திரையைப் பார்த்தபடி பின்னால் நடந்தால் விழுந்துவிடுவோம். பாறை விளிம்பு படத்துக்கான இடமல்ல. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமின்னல் வரும். மழை பெய்த பாதையில் அட்டை ஏறும். எங்களைத் தனியே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களோடு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு 1863இல் மகளும் மருமகனும் ஒரு கமெராவை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. பிறகு உலகம் அறிந்த படப்பிடிப்பாளரானார். அவர் எடுத்தவை பெரும்பாலும் மனித முகங்கள்தான், மலைகளல்ல. 1875இல் இலங்கைக்கு வந்தவர் 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். எங்கள் மலைநாட்டில் அவர் அடங்கியிருப்பது எனக்கே அண்மையில்தான் தெரியும்.

இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கும் சின்னதுல இந்த மலைல ஏற ஆசை. கலியாணம் முடிச்சுப் போவம் எண்டுதான் இருந்தேன்" என்றார். அவருக்கு இப்போது 44 வயது. அன்று எங்களோடு நடந்ததுதான் அவர் ஹந்தானையில் ஏறிய முதல் நாள்.

இறங்கும்போது என் கையிலிருந்த போனை வாங்கி உம்மாவும் ஒரு படம் எடுத்தார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அடுத்த ஞாயிறு திரும்பப் போய் நேராக எடுத்துக்கொள்வாராம்.