லேப்டாப்பில் ஏறாத பூஸ்ட்

டர்போ கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்டைக் கட்டுப்படுத்துவது இப்போது இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவும் சொலினாய்டு வால்வும்தான். ஆகவே லேப்டாப்பைச் செருகி இலக்கை 1 பாரிலிருந்து 1.4 பாருக்கு ஏற்றினால் இன்ஜின் சக்தியும் அதே அளவு ஏறும். சின்னச் சின்னப் பிசிறுகளை ஈசியூ தானே கற்றுச் சரிசெய்துகொள்ளும். இன்ஜினுக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடித்து (நாக்கிங்) விபரீதம் ஏதாவது நடந்தால் நாக் சென்சார் காப்பாற்றிவிடும். ட்யூனிங் கடைகளின் விளம்பரங்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. கேட்க இனிமையாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒன்றும் நிற்பதில்லை. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஈசியூவின் மேப், அதாவது அதிலுள்ள அட்டவணைகள் (டேபிள்கள்), உலகெங்கும் அதிகம் மாற்றி எழுதப்பட்ட கார்களில் அது ஒன்று. அதிகம் பிஸ்டன் உடைத்த கார்களிலும் ஒன்று.

முதலில், கம்ப்யூட்டர் நினைத்த பூஸ்டைக் கொண்டுவந்துவிடும் என்ற பேச்சு. டர்பைனைச் சுழற்றுவது புகைவாயு. தேவைக்கு மேல் வரும் புகையைப் பக்கவாட்டில் வெளியேற்றும் கதவுதான் வேஸ்ட்கேட். அதைத் திறப்பது ஆக்சுவேட்டர்: உள்ளே ஒரு டயஃப்ரம், எதிர்ப்புறம் ஒரு ஸ்பிரிங். பூஸ்ட் அழுத்தம் ஒரு மெல்லிய ஹோஸ் வழியே வந்து டயஃப்ரத்தைத் தள்ள, ஸ்பிரிங் அமுங்கி, கதவு திறக்கிறது. சொலினாய்டு உட்கார்ந்திருப்பது அந்த ஹோஸில். வருகிற அழுத்தத்தில் ஒரு பகுதியைக் கசியவிட்டு, "பூஸ்ட் இன்னும் வரவில்லை" என்று டயஃப்ரத்திடம் பொய் சொல்வதுதான் அதன் ஒரே வேலை. டியூட்டி என்று சொல்லும் சதவீதம் அந்தப் பொய்யின் அளவு. டியூட்டி 0 என்றால் ஸ்பிரிங் அனுமதிக்கும் பூஸ்ட் மட்டும் வரும். அதற்குக் கீழே எந்த மென்பொருளாலும் இறக்க முடியாது.

இதை மறந்தவர்கள்தான் பூஸ்ட் க்ரீப் வந்ததும் டேபிளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடைப்பில்லாத டவுன்பைப், அகலமான சைலன்சர் என்று புகைப்பாதையைத் திறந்துவிட்ட கார்களில் இந்தத் தொல்லை சகஜம். வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தாலும் அதன் சின்னத் துளை வழியே போதுமான புகை போகாது. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் தானாக ஏறும். டியூட்டி ஏற்கெனவே 0. இனி எதைக் குறைப்பது? துளையைக் கிரைண்டரால் பெரிதாக்க வேண்டும், அல்லது தனி வேஸ்ட்கேட் பொருத்த வேண்டும். எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு. டியூட்டி 95 சதவீதத்தில் நிற்க, 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் பூஸ்ட் சரிந்துகொண்டே வரும். காரணம், புகையின் அழுத்தமே கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்கிறது, அல்லது அந்தச் சிறிய டர்போவுக்கு அதற்கு மேல் காற்றுத் தள்ளத் தெம்பில்லை. அங்கே தேவை வலுவான ஸ்பிரிங், அல்லது பெரிய டர்போ.

அடுத்து, பூஸ்ட் ஏறிய அளவுக்குச் சக்தி ஏறும் என்ற கணக்கு. 1 பாரிலிருந்து 1.4 பார் என்றால் 40 சதவீதம் என்று துள்ளுகிறார்கள். மீட்டர் காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே உள்ள பகுதியை மட்டும். இன்ஜினுக்குள் நுழையும் உண்மையான அழுத்தம் 2 பாரிலிருந்து 2.4 பாராகிறது. 40 இங்கேயே 20 ஆகிவிட்டது. காற்றை அழுத்தினால் சூடேறும் என்பது அடுத்த அடி. 30 டிகிரி வெயிலில், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் காற்றை இரு மடங்கு அழுத்தினால் அது சுமார் 125 டிகிரியில் வெளிவரும். டர்போவை அதன் வரம்புக்கு மேல் விரட்டி 2.4 மடங்கு அழுத்தும்போது திறன் 60 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், வெப்பம் 170 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்த காற்று. கணக்குப் போட்டால் இன்டர்கூலருக்குள் நுழையும்போது கூடியிருக்கும் அடர்த்தி சுமார் 7 சதவீதம்தான். இன்டர்கூலர் இழந்ததில் கணிசமான பகுதியை மீட்டுத் தரும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தால் அதுவும் சூடேறி நிற்கும். நாக்கிங்கைத் தவிர்க்க இக்னிஷன் டைமிங்கையும் பின்னுக்கு இழுக்க வேண்டிவரும். மிஞ்சியதை, சக்தியை அளக்கும் டைனோவில் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு உலக ராலி வரலாற்றை விடப் பெரிய சாட்சி வேண்டாம். 1995இல் டர்போவின் வாயில் 34 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் கட்டாயமாக இருந்தது. அந்தக் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு கிராம்கூட நுழையாது. பூஸ்டை எவ்வளவு ஏற்றினாலும் உச்ச சக்தி சுமார் 300 குதிரைத்திறனைச் சுற்றியே நின்றது. கூடுதல் பூஸ்டால் கிடைத்தது கீழ் ஆர்பிஎம்மில் இழுவை. பூஸ்ட்தான் சக்தி என்றால் எல்லா அணிகளும் பூஸ்டை ஏற்றிவிட்டுப் போயிருக்கும். டொயோட்டா அணியோ ரெஸ்ட்ரிக்டரைச் சுற்றிக் காற்று நுழைய ஒரு ரகசிய ஏற்பாட்டையே செய்தது. பிடிபட்டது, அந்த ஆண்டின் புள்ளிகளை இழந்தது, ஓராண்டு தடையும் வாங்கியது. திருடியது காற்றை, அழுத்தத்தை அல்ல. அந்த ஆண்டின் பட்டம் சுபாருவின் காலின் மெக்ரேக்குப் போனது.

ஈசியூ தானே கற்றுக்கொள்ளும் என்பதுதான் அதிகம் சேதம் செய்யும் நம்பிக்கை. எஸ்டிஐயின் ஈசியூவில் இலக்கு பூஸ்ட் டேபிள், தொடக்க டியூட்டி டேபிள், உச்ச டியூட்டி டேபிள் எல்லாம் தனித்தனி. இலக்குக்கும் உண்மைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்த்து டியூட்டியைத் திருத்தும் பகுதி வேறு. அந்தத் திருத்தம் நடந்ததைப் பார்த்துத்தான் கையை நீட்டும். டர்போ சுழன்று எழ நேரமாகிறது. அதுவரை "போதவில்லை, போதவில்லை" என்று திருத்தம் டியூட்டியைக் குவித்துக்கொண்டே போகும். டர்போ எழுந்ததும் பூஸ்ட் இலக்கைத் தாண்டி எகிறும், பிறகு பள்ளத்தில் விழும், மறுபடி எகிறும். தொடக்க டேபிள் தவறாக இருந்தால் திருத்தம் அந்தத் தவறை மூடி மறைக்குமே தவிரச் சரிசெய்யாது. குளிர்ந்த ஒரு காலையில் அது வெளியே வரும்.

செய்ய வேண்டிய முறை சலிப்பூட்டுவது. திருத்தங்களை எல்லாம் பூஜ்யமாக்கி, குறைந்த டியூட்டியில் தொடங்கி, டைனோவிலோ பந்தயத் தடத்திலோ மூன்றாம் நான்காம் கியர்களில் கீழ் ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதி மிதித்து, ஒவ்வொரு ஓட்டத்தின் தரவையும் பதிவு (லாக்) எடுக்க வேண்டும். எந்த டியூட்டிக்கு எந்த பூஸ்ட் வருகிறது என்று தெரிந்த பிறகே திருத்தத்தைக் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். இரண்டாம் கியரில் சரியான டேபிள் நான்காம் கியரில் எகிறக்கூடும், ஏனென்றால் அங்கே டர்போ எழ அதிக நேரம் கிடைக்கிறது. சொலினாய்டை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. தொழிற்சாலை பொருத்திய கசிவு வகைச் சொலினாய்டைக் கழற்றிவிட்டு மூன்று வாய் உள்ளதைப் போட்டு, பழைய டேபிளோடு மிதித்தவர்களின் பூஸ்ட் மீட்டர் எங்கே போய் நின்றது என்று அவர்களையே கேளுங்கள். ஹோஸுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ரெஸ்ட்ரிக்டரின் துளை கொஞ்சம் சிறுத்தாலே அதே டியூட்டிக்கு பூஸ்ட் கூடிவிடும். இன்னொருவர் காருக்கு எழுதிய மேப்பை வாங்கி ஏற்றுவது பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கடைசிப் புகலிடம் நாக் சென்சார். இந்த வாதத்துக்கு ஒரு கௌரவமான முன்னோடி உண்டு. 1980களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் ஏபிசி என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. நாக்கிங் கேட்டதும் சொலினாய்டு மூலம் பூஸ்டை இறக்குவது அதன் வேலை. தரம் குறைந்த பெட்ரோல் ஊற்றினாலும் சாப் 900 டர்போ பிழைத்தது அதனால்தான். ஆனால் அது மிதமான பூஸ்டில் ஓடிய கார். சென்சார் நாக்கிங்கைத் தடுப்பதில்லை; நடந்த பிறகு கேட்கிறது. பூஸ்டை எல்லைக்குத் தள்ளிய இன்ஜினில் அந்தச் சில அடிகளே போதும். எஸ்டிஐயின் 2.5 லிட்டர் இஜே257 இன்ஜினில் பிஸ்டனின் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய பகுதி உடைவது ஊரறிந்த பலவீனம். ஜப்பானில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை 91 ஆக்டேன் ஊற்றி ஓட்டுபவருக்கு எந்த சென்சாரும் துணை வராது.

எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வீண் என்று நான் சொல்லவில்லை. இலக்கை நெருங்கும்வரை வேஸ்ட்கேட்டை இறுக மூடிவைத்து டர்போவைச் சீக்கிரம் எழுப்பவும், முதல் கியரில் சக்கரம் வழுக்காமல் பூஸ்டைக் குறைக்கவும், காற்று சூடானால் இலக்கை இறக்கவும் அதற்குத் தெரியும். கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலருக்கு இதெல்லாம் எட்டாது. ஆனால் இவையெல்லாம் டர்போவும் ஸ்பிரிங்கும் பெட்ரோலும் போட்ட வேலிக்குள் நடக்கும் காரியங்கள்.

ஆகவே பணத்தை எடுத்து நீட்டுமுன் ட்யூனரிடம் நான்காம் கியர் லாக் ஒன்றைக் கேளுங்கள். இலக்கு பூஸ்ட், வந்த பூஸ்ட், டியூட்டி, நாக் திருத்தம், காற்றின் வெப்பம் இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். டியூட்டி 95ஐத் தொட்டும் பூஸ்ட் சரிந்தாலோ, 0இல் நின்றும் ஏறினாலோ அந்த மேப்பை வாங்காதீர்கள். லாக் இல்லை, டைனோ தாள்தான் இருக்கிறது என்றால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.