எட்டு மணி நேரத்திற்குப் பிறகும் ஒலிக்கும் கைபேசி

பணி நேரம் முடிந்த பின்னர் நிர்வாகத்திடமிருந்து வரும் அழைப்புகளுக்கும் மின்னஞ்சல்களுக்கும் பதிலளிக்க மறுக்கும் உரிமையை ஊழியர்களுக்கு வழங்கக் கோரும் தனிநபர் மசோதா, 2025 டிசம்பர் 5 அன்று மக்களவையில் அறிமுகமானது. இதைக் கொண்டுவந்த சுப்ரியா சுலே 2018லும் இத்தகைய மசோதா ஒன்றை அறிமுகம் செய்தார், அது சட்டமாகவில்லை. 1970க்குப் பிறகு நம் நாட்டில் எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. எனினும், இம்மசோதா எழுப்பும் கேள்வி தொழிலாளி வர்க்கத்தின் அடிப்படைக் கேள்வியாகும்: வேலை நேரம் எங்கே முடிகிறது? அதை முடிவு செய்வது யார்?

1886ல் சிகாகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்தி எழுப்பிய எட்டு மணி நேரக் கோரிக்கையை, 1919ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாக ஏற்றது. இந்தியாவில் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில், ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54லிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியத்தை உறுதி செய்தது. இச்சட்டங்கள் அனைத்தும் ஆலை வாயிலை எல்லையாகக் கொண்டவை. சங்கு ஊதியதும் தொழிலாளி வாயிலைக் கடந்தால், முதலாளியின் அதிகாரம் அங்கேயே நின்றுவிடும். கைபேசி அந்த வாயிலைத் தகர்த்துவிட்டது.

உணவு இடைவேளையிலிருந்து சில நிமிடங்களை ஆலை முதலாளிகள் திருடியதை மூலதனம் நூலின் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் அம்பலப்படுத்தினார். இன்று அதே திருட்டு வாட்ஸ்அப் குழுக்கள் வழியே நடக்கிறது. அமெரிக்க வாடிக்கையாளரின் பகல் நேரத்திற்கேற்ப பெங்களூரு ஐடி ஊழியர் நள்ளிரவில் கூட்டத்தில் அமர்கிறார். இந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே அதற்கு ஊதியமும் இல்லை.

இது ஐடி துறையின் பிரச்சனை மட்டுமல்ல. போஷன் டிராக்கர் செயலி 2021ல் நடைமுறைக்கு வந்தது முதல், மையத்தின் கதவை மூடிய பிறகும் அங்கன்வாடி ஊழியரின் வேலை ஓய்வதில்லை. பகலில் சிக்னல் கிடைக்காவிட்டால் இரவில் வீட்டிலிருந்து பதிவேற்ற வேண்டும். அரசு கொடுத்த தரமற்ற கைபேசிகளை மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் 2021ல் திருப்பிக் கொடுத்துப் போராடினர். அவர்களுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 2018ல் 4,500 ரூபாயாக்கப்பட்டது. அவர்களைத் தொழிலாளர் என ஏற்க மறுக்கும் அரசு, இருபத்து நான்கு மணி நேரமும் தன் செயலியுடன் அவர்களைப் பிணைத்து வைக்கிறது.

இதற்குக் கொடுக்கப்படும் விலை உயிர். வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வதால் ஏற்படும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ல் மட்டும் உலகில் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் மதிப்பிட்டன. இந்நிலையில்தான், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாராயண மூர்த்தியும், 90 மணி நேரம் வேண்டும் என்று எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியனும் உபதேசிக்கின்றனர்.

மனஅழுத்தத்திற்குத் தியான வகுப்பும், ‘கைபேசியை அணைத்து வையுங்கள்’ என்ற அறிவுரையும் நிர்வாகங்கள் தரும் மருந்து. தனியொரு ஊழியர் கைபேசியை அணைத்தால் அவரது பதவி உயர்வும், சில வேளைகளில் வேலையுமே பறிபோகும். தனிமனிதக் கட்டுப்பாட்டால் தீரக்கூடிய பிரச்சனை அல்ல இது. பிரான்சில் 2017 முதல், 50 ஊழியர்களுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இவ்வுரிமை குறித்துப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல் இவ்வுரிமை சட்டமாகியுள்ளது. கூட்டுப் பேரம் பேசும் வலிமை உள்ள இடத்தில்தான் இத்தகைய சட்டத்திற்கு உயிர் இருக்கும்.

இங்கோ, 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இவ்வுரிமைக்கு இடமில்லை. நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். ‘மேனேஜர்’ என்ற வெற்றுப் பட்டம் எதற்காக இவ்வளவு தாராளமாக வழங்கப்படுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் தடுக்க முடியாதது என்று எதுவுமில்லை. தமிழ்நாட்டில் 2023ல் நிறைவேற்றப்பட்ட 12 மணி நேர வேலைச் சட்டத்திருத்தம் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. 2024ல் ஐடி துறையில் 14 மணி நேர வேலைக்கு வழிவகுக்க கர்நாடக அரசு முனைந்தபோது, ஐடி ஊழியர் சங்கம் வீதிக்கு வந்து எதிர்த்தது.

பணி நேரத்திற்குப் பிந்தைய ஒவ்வோர் அழைப்பும் வேலையாகக் கணக்கிடப்பட்டு, இரட்டிப்பு ஊதியம் வழங்கப்பட வேண்டும். பதிலளிக்க மறுப்பவரைப் பழிவாங்குவது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். திட்டப் பணியாளர்களுக்கும் செயலிவழித் தொழிலாளர்களுக்கும் இவ்வுரிமை விரிவாக்கப்பட வேண்டும். இவற்றைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஐடி வளாகத்தின் இளம் ஊழியரையும் அங்கன்வாடிச் சகோதரியையும் ஒரே போராட்டத்தில் இணைப்பது நம் தோழர்களின் உடனடிக் கடமையாகும். எட்டு மணி நேர வேலைநாள் போராடிப் பெற்றது. போராடித்தான் அதைக் காக்கவும் முடியும்.