90 நாள் போர்

ஹிஜ்ரி 1444, ரமளானின் கடைசிப் பத்து. 2023 ஏப்ரல் 15 அன்று சூடான் தலைநகர் கார்தூமில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஜெனரல் புர்ஹானின் இராணுவமும், ஹமீத்தி எனப்படும் முஹம்மத் ஹம்தான் தகலோவின் துணை இராணுவப் படையும் மோதிக்கொண்டன. விமான நிலையமும் அதிபர் மாளிகையும் தம் கைக்கு வந்துவிட்டதாகத் துணைப் படை அன்றே அறிவித்தது. இராணுவம் மறுத்தது. தலைநகரை இராணுவம் மீட்க 2025 மார்ச் வரை ஆனது. அப்போதும் போர் ஓயவில்லை. இதற்குள் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீடிழந்தனர்.

சகோதரச் சண்டையில் இறங்குகிறவர்கள் ஏன் எப்போதும் நாள் கணக்கிலேயே யோசிக்கிறார்கள்? அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சமர் இதற்கு விடை தருகிறது.

அங்கும் அது ஏப்ரல் 15தான், ஆண்டு 1861. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களை அடக்க, அதிபர் லிங்கன் 75,000 பேரை 90 நாட்களுக்கு அழைத்தார். அன்றைய சட்டம் அதற்கு மேல் இடம் தரவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு மேல் தேவைப்படாது என்றே பலரும் நம்பினர். 'ரிச்மண்டை நோக்கிப் புறப்படுங்கள்' என்று பத்திரிகைகள் நெருக்கின.

படைத் தளபதி மெக்டவல் அதற்கு முன் எந்தப் படையையும் போர்க்களத்தில் நடத்தியவர் அல்ல. பயிற்சிக்கு அவகாசம் கேட்டார். எதிரியும் பயிற்சியற்றவன்தானே என்று பதில் வந்தது. சுமார் 35,000 பேர் புறப்பட்டனர். வழியில் பழம் பறிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் வரிசையை விட்டு விலகினார்கள். சமருக்கு முன் 90 நாள் தவணை முடிந்த ஒரு ரெஜிமென்ட், பீரங்கிச் சத்தம் கேட்கும்போதே வீடு திரும்பியது.

ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. இடம் வாஷிங்டனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள மனாசஸ், புல் ரன் ஓடைக்கரை. வடக்குப் படையில் சிலர் சாம்பல் நிறமும் தெற்கில் சிலர் நீல நிறமும் உடுத்தியிருந்தனர். நீல உடையில் நெருங்கிய தெற்குப் படையை நண்பர்கள் என்று நினைத்து வடக்கின் பீரங்கிகள் மௌனமாயின. அந்தப் பீரங்கிகள் பறிபோயின. மாலையில் தெற்குக்கு இரயிலில் புதிய படை வந்து சேர, வடக்குப் படை சிதறி ஓடியது. வென்றவர்களும் துரத்தமுடியாத அளவுக்குக் குலைந்திருந்தனர்.

இந்தச் சமரை வேடிக்கை பார்க்க வாஷிங்டனிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்படப் பலர் உணவுக் கூடைகளுடன் வண்டிகளில் வந்திருந்தனர். ஓடிய படையோடு அவர்களும் ஓடினர். ஓர் உறுப்பினர் சிறைப்பட்டார்.

இரு தரப்பிலும் 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தனை இழப்புக்குப் பிறகாவது இரு தரப்பும் நிதானித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. வென்ற தெற்கு, தன் வீரம் போதும் என்று எண்ணியது. தோற்ற வடக்கில் மறுநாளே, 5 இலட்சம் பேரை மூன்றாண்டு வரை சேர்க்கும் சட்டம் கையெழுத்தானது. போர் நான்கு ஆண்டுகள் நீடித்து 6 இலட்சத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது.

முதல் சமர் போரை முடிப்பதில்லை; திரும்பும் வழியைத்தான் அடைக்கிறது. சிந்திய இரத்தத்துக்குக் கணக்குத் தீர்க்காமல் எப்படிப் பேசுவது என்ற கேள்வி அதன்பின் இரு பக்கமும் எழுகிறது. சூடானின் படைகள் அனுபவமற்றவை அல்ல; ஆனால் அவற்றை நடத்தியவர்களின் கணக்கு மனாசஸில் போட்ட அதே கணக்குதான். ஆகவே சமாதானத்துக்குச் சரியான நேரம் முதல் குண்டுக்கு முன்புதான். அது தவறினால் அடுத்த சரியான நேரம் இன்றுதான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கைப்பேசியில் காணொளி பார்த்து, எந்தத் தரப்பு எந்த நகரைப் பிடித்தது என்று வாட்ஸ்அப் குழுக்களில் மகிழ்கிறோமே, அந்த உணவுக் கூடைக்காரர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர்களாவது ஓட வேண்டியிருந்தது.

மனாசஸ் களத்தின் நடுவே ஒரு வீடு இருந்தது. அதில் படுக்கையில் கிடந்த 80 வயதைக் கடந்த விதவை ஜூடித் ஹென்றி, குண்டு விழுந்து இறந்தார். அவர் எந்தத் தரப்புக்காகவும் களத்துக்கு வரவில்லை. களம்தான் அவர் வீட்டுக்கு வந்தது. கார்தூமிலும் அதுதான் நடந்தது.