இறக்கும் இடம் தெரிந்தால் இறங்கலாம்

ஒரு பழைய லோரி, இரண்டு ஆள், ஒரு கைப்பேசி. பழைய சாமான் அகற்றும் தொழில் தொடங்க இவ்வளவு போதும் என்ற எண்ணத்தோடு நம் இளைஞர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். ஜார்ஜ்டவுனில் நானும் இதே தொழிலில் இருக்கிறேன். அவர்களிடம் நான் லோரியைப் பற்றிக் கேட்பதில்லை. "ஏத்துன சாமான எங்க இறக்குவ, தம்பி?" என்றுதான் கேட்கிறேன். பலர் அதை யோசித்திருப்பதே இல்லை.

இந்தத் தொழிலின் லாபமும் மானமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டைக் காலி செய்ய நான் 400 வெள்ளி கேட்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் 200 வெள்ளிக்கு வருகிறார். எண்ணெய்ச் செலவும் ஆள் கூலியும் இருவருக்கும் ஒன்றுதான். பிறகு அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? முறையாகக் கொட்டுவதற்கான செலவு அவர் கணக்கிலேயே இல்லை. விடிந்து பார்த்தால் சாலையோரத்தில் மெத்தையும் சோபாவும் கிடக்கும். அதை அள்ளுவது மாநகர் மன்றம். அதற்குப் பணம் கொடுப்பது மதிப்பீட்டு வரி கட்டும் நாம்.

முறையாகக் கொட்டினாலும் கதை முடிவதில்லை. தீவின் குப்பை கடலைத் தாண்டிப் பெருநிலத்தில் உள்ள பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்தக் கிடங்கு தீப்பிடித்துப் புகை சூழ்ந்தது நினைவிருக்கும். நாம் வேண்டாம் என்று தள்ளியது இன்னொருவர் வீட்டு வாசலில் எரிந்தது. ஆகவே கிடங்குக்குப் போகும் பாரத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. நம் செலவும் குறையும்.

இங்கேதான் படிப்பும் அனுபவமும் வேலை செய்கின்றன. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் அங்கே இருந்தன. 1999 இறுதியோடு அந்தக் கட்டுப்பாடு முடிந்தது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்தது. அதன் பிறகு வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறி வருகின்றன. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். "எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள்.

அந்த 'எல்லாம்' ஒரே வகைச் சாமான் இல்லை. செம்பும் இரும்பும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். பித்தளைக் குடம், அடுக்குத் தூக்கு, வானொலிப் பெட்டி போன்றவற்றை லோரோங் கூலிட் சந்தையில் கேட்டு வாங்க ஆள் உண்டு. முன்பு ரோப் வாக்கில் 'திருட்டுச் சந்தை' என்று பேர் வாங்கியிருந்த அதே சந்தைதான் இப்போது அங்கே நடக்கிறது. பழைய தொலைக்காட்சி, கணினி, குழல் விளக்கு ஆகியவற்றை உடைத்துச் செம்பை மட்டும் உருவுவது கூடவே கூடாது. அவற்றில் பலவும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு வகையில் வருபவை. உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். மெத்தையை மட்டும் யாருக்கும் வேண்டாம். அதற்குத் தனியாகவே விலை சொல்லிவிடுங்கள்.

காகிதம் என்று ஒன்று இருக்கிறது. பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பக்கத்து வீடுகளில் தமிழில் எழுதிய கணக்குப் புத்தகங்கள், கடிதங்கள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், கடைப் பெயர்ப்பலகைகள் கிடைக்கும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அது கிலோ கணக்கில் எடைக்குப் போடும் காகிதம். தமிழ்ப்பள்ளியில் படித்த பையன் கையில் அதே கட்டு கிடைத்தால், இரண்டு பக்கம் புரட்டியதுமே நம் மக்களின் வரலாறு என்று தெரிந்துவிடும். வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு பினாங்கு மாநில அருங்காட்சியகத்திடமோ ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்திடமோ கேட்டுப் பார்க்கலாம். தமிழ் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறேன்.

சட்ட வேலைகள் பயப்படும்படி இல்லை. தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பழைய சாமானை வாங்கி விற்பதற்கு 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் தேவை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலுக்குத் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் திட்டம் நம் சமூகத்துக்கென்றே இருக்கிறது.

வளர்வது வேறு பாடம். கனடாவின் வான்கூவரில் பிரையன் ஸ்கூடமோர் என்ற இளைஞர் 1989இல் 700 டாலருக்கு ஒரு பழைய லோரி வாங்கி இதே தொழிலைத் தொடங்கினார். அது இன்று '1-800-காட் ஜங்க்' என்று பல நாடுகளில் அறியப்பட்ட நிறுவனம். (அவர் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டார். அதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்.) 1994இல், தான் சரியான ஆட்களைச் சேர்க்கவில்லை என்று உணர்ந்து 11 ஊழியர்களையும் அனுப்பிவிட்டு, மீண்டும் ஒற்றை லோரியோடு தொடங்கினார். இரண்டாவது லோரி வாங்கத் துடிக்கும் நம் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும். இரண்டாவது லோரியில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். மெத்தையை எங்கே இறக்குவது என்று அன்று முடிவு செய்பவர் உங்கள் ஆள்.

"படிச்சிட்டுக் குப்ப அள்ளப் போறியா?" என்று கேட்கும் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. இந்த ஊரைக் கூட்டிச் சுத்தம் செய்த கூலிகளில் நம் முன்னோர் பலர் இருந்தார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று விலையைச் சொன்னவர் வேறொருவர். இன்று விலையை எழுதி நீட்டுபவர் உங்கள் மகனோ மகளோ என்றால், அதை அதே வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலை பேசும்போதே, சாமான் எங்கே போகிறது என்று கேளுங்கள். கொட்டிய இடத்தின் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். தொடங்கும் இளைஞர்கள் அதைக் கேட்கும் முன்பே கொடுத்துப் பழகட்டும்.