மாத்திரையை விட்டால் கை நடுங்குவது ஏன்?

1963-ம் ஆண்டு அமெரிக்காவில் "வாலியம்" மாத்திரை விற்பனைக்கு வந்தது. மனப் பதற்றம் தணிந்தது. ஆனால், நாள்பட விழுங்கியவர்கள் அதை நிறுத்தியபோது புதுத் தொல்லை! கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, வியர்த்துக் கொட்டியது, தூக்கம் போயிற்று.

காரணம் என்ன? மூளையின் வேகத்தை அடக்கும் மருந்து அது. மூளை அதற்குப் பழகி விடுகிறது. மருந்து நின்றதும், அடங்கிக் கிடந்த நரம்புகள் துள்ளி எழுகின்றன. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து!

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியை ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இவர்களுக்கெனத் தனிச் சிகிச்சை நடத்தினார். அவர் காட்டிய வழி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. அதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

நடுக்கம் கண்டால் வீட்டார் ஏசக் கூடாது. அது நடிப்பு அல்ல. டாக்டரிடம் சொன்னால், குறைக்கும் வேகத்தை அவர் மாற்றுவார்.