ஒரு மணி நேர மிச்சத்துக்கு 570 ஏக்கரா?



"சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரே மணி நேரம்" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். இந்த விமானக் கணக்கில் என்னதான் மிஞ்சுகிறது? நாமும் பார்த்துவிடுவோம்.

காமலாபுரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர்தான். ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகம் போகும். அரை மணிக்குக் கொஞ்சம் மேலே ஆக வேண்டியது, ஓடுபாதையில் நகர்ந்து, மேலே ஏறி, இறங்கி நிற்பதற்குள் ஒரு மணி ஆகிவிடுகிறது. அத்தோடு முடிந்ததா? சேலம் டவுனிலிருந்து காமலாபுரம் சுமார் 20 கிலோமீட்டர். அதற்கு முக்கால் மணி. சோதனைக்காக முன்கூட்டியே போய்க் காத்திருக்க ஒரு மணி. சென்னையில் இறங்கி, பெட்டியை எடுத்து, ஊருக்குள் போய்ச் சேர இன்னொரு மணி. வாசலுக்கு வாசல் மூணே முக்கால் மணி!

2023 ஏப்ரலில் விட்ட வந்தே பாரத் ரயில் சேலத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் போக ஏறக்குறைய நாலு மணி. ஸ்டேஷனுக்குப் போக வர ஒரு மணி சேர்த்தாலும் அஞ்சு மணிதான். ஆக, விமானத்தில் மிச்சமாவது ஒண்ணேகால் மணி நேரம்.

இந்த ஒண்ணேகால் மணிக்கு நம்மிடம் கேட்ட விலை என்ன? 2018-ல் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர்! கிணறும் தென்னையும் கறவை மாடும் வைத்துப் பிழைக்கிறவன் எங்கே போவான்?

இப்போதுள்ள ஓடுபாதை சுமார் 6,000 அடி. ஏ.டி.ஆருக்கு அது போதும். பெரிய விமானம் வர வேண்டும் என்றுதான் நீளம் கேட்கிறார்கள். சின்ன விமானமே இங்கு நிலைத்ததா? 1993-ல் திறந்த நிலையம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. 2009-ல் ஒரு கம்பெனி வந்தது, ஓரிரு வருஷத்தில் போனது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் இன்னொன்று வந்தது, 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் இறங்கியது. உடான் திட்டத்தில் கம்பெனிக்கு வருகிற நஷ்டத்தை மூணு வருஷத்துக்கு அரசுப் பணத்தில் ஈடுகட்டுகிறார்கள். விமானம் நின்றுபோனால் கம்பெனி வேறு ஊருக்குப் பறக்கும். நம் நிலம் திரும்பி வருமா?

விமானத்துக்கு நாங்கள் விரோதி அல்ல. அவசர நோயாளி போகட்டும், வியாபாரி போகட்டும். இருக்கிற ஓடுபாதையில் தாராளமாகப் பறக்கட்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

* இருபோகம் விளையும் பாசன நிலத்தைத் தொடாதே! வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும்தான் எடுக்கலாம் என்று 2013 நிலம் எடுப்புச் சட்டமே சொல்கிறது.

* சமூகத் தாக்க ஆய்வை ஊர் மக்கள் முன்னால் நடத்து! அறிக்கையைத் தமிழில் கொடு!

* எத்தனை பேர் பறக்கிறார்கள், எவ்வளவு மானியம் போகிறது என்ற கணக்கை ஊருக்குச் சொல்!

விவசாயிகளே! அளக்க ஆள் வந்தால் தனித்தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். கிராம சபையில் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானம் போடுங்கள். விமானத்தை விட்டால் அடுத்த ரயில் இருக்கிறது. நிலத்தை விட்டால் நமக்கு என்ன இருக்கிறது?

நிலம் காப்போம்! ஒன்றுபடுவோம்!